பதினேழு சோடி

ஏறாவூர்,
20.03.2023

அன்புள்ள அஜந்தா அக்காவுக்கு,

என் இலக்கத்தை புளொக் பண்ணிவிட்டீர்கள். மகள் நிஸ்றாவின் போனிலிருந்து எடுத்துப் பார்த்தேன். என் குரல் கேட்டதும் வைத்துவிட்டீர்கள். அதனால்தான் கடிதம். ஏறாவூரிலிருந்து கல்லடிக்கு பஸ்ஸில் ஒரு மணித்தியாலம்கூட இல்லை. ஆனால் உங்கள் படலையில் வந்து நிற்க எனக்குத் துணிவு வரவில்லை.

அந்தச் சனிக்கிழமை நம் டிப்ளோமா வகுப்பு இணைப்பாளர் கோகுலராஜ் சேர் நம் இருவரையும் தனித்தனியாகத்தானே கூப்பிட்டார். உங்களிடம் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. என்னிடம் நம் இரண்டு விடைத்தாள்களையும் விரித்துக் காட்டினார். ஆங்கில டிப்ளோமா இறுதிக் கட்டுரை. உங்களுடையதில் பதினேழு இடத்தில் மஞ்சள் கோடு, என்னுடையதில் அதே பதினேழு சொற்களிலும் கோடு. “ரெண்டு பேரும் ஒரே சட்டியில சமைச்ச மாதிரிக் கிடக்கு ரீச்சர்” என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே சொன்னார்: “பார்த்து எழுதினது எண்டு ஒரு கடிதம் தந்தா ஆறு மாசத்தில மறுபடியும் எழுதலாம். தராட்டி வலயக் கல்வி அலுவலகத்துக்கு அறிக்கை போகும்.”

எனக்குப் பதினாறு வருடச் சேவை அக்கா. நிஸ்றாவின் வாப்பா மௌத்தான பிறகு இந்த வீட்டில் வேலைக்குப் போவது நான் ஒருத்திதான். அவள் அடுத்த வருடம் உயர்தரம் எடுக்கிறாள். அலுவலகத்தில் என் பெயருக்குப் பக்கத்தில் ‘பரீட்சை மோசடி’ என்று ஒரு வரி ஏறினால் என்ன ஆகும் என்று மட்டும்தான் அப்போது யோசித்தேன். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். ஒப்பம் வைத்தேன்.

நீங்களும் வைத்திருப்பீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் மறுத்துவிட்டீர்கள் என்று மறுநாள்தான் தெரியவந்தது.

ஒரு வார்த்தை பேசுங்கள். ஏசினாலும் பரவாயில்லை.

ரிப்கா


கல்லடி,
29.03.2023

ரிப்கா ரீச்சர் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. ஏசச் சொல்லியிருக்கிறீர்கள். நன்றி.

நீங்கள் உங்களுக்காக மட்டும் ஒப்பம் வைத்திருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன். அது உங்கள் தாள், உங்கள் வேலை. ஆனால் அந்தக் கடிதத்தின் பிரதியை என் முன்னால் போட்டார்கள். ‘நாங்கள்’ என்று தொடங்குகிறது. நாங்கள் இருவரும் ஒருவரின் தாளை ஒருவர் பார்த்து எழுதினோம் என்று. அந்த ‘நாங்கள்’ யார் ரீச்சர்? அதற்குள் என்னை இழுத்துப்போட உங்களுக்கு யார் அனுமதி தந்தது?

அந்தப் பதினேழும் எப்படி வந்தது என்று உங்களுக்குத் தெரியாதா? முதலாம் தவணையில் நான் ‘பிக் ரெயின்’ என்று எழுதி, சிவப்பு மையால் வெட்டு வாங்கினேன். நீங்களும் அதே வெட்டு வாங்கினீர்கள். இலக்கணம் பிழையில்லை, ஆனால் அந்த மொழிக்காரர் அப்படிச் சொல்லமாட்டார், ‘ஹெவி ரெயின்’ என்றுதான் சொல்வார் என்று ஓரத்தில் எழுதியிருந்தது. பஸ் தரிப்பிடத்தில் நின்று நீங்கள் சண்டை பிடித்தீர்கள். “மழை பெரிசுதானே அக்கா, பெரிசெண்டு சொன்னா என்ன பிழை?” நான் சொன்னேன்: “நாங்க தேத்தண்ணி ஊத்துறம். ‘தேத்தண்ணி செய்’ எண்டு ஒருத்தர் வந்து சொன்னா விளங்கும், ஆனா சிரிப்பம்தானே. அப்படித்தான் இதுவும்.” அன்றைக்குத் தொடங்கியது நம் சோடிச் சொல். தனிச் சொல் எதையும் கொப்பியில் எழுதுவதில்லை என்று சத்தியம் பண்ணினோம். எந்தச் சொல் எந்தச் சொல்லோடு சேர்ந்து நடக்கிறது என்று பார்த்து, சோடியாகத்தான் எழுதினோம். இரண்டு வருடம். வாரத்துக்குப் பத்து. நான் கண்டுபிடித்தது உங்கள் கொப்பியில், நீங்கள் கண்டுபிடித்தது என் கொப்பியில். அப்படிப் படித்த இருவருக்கும் வெள்ளத்தைப் பற்றி எழுதச் சொன்னால் ஒரே சோடிதான் வரும். வராவிட்டால்தான் அதிசயம்.

இதை அவர்களிடம் சொல்ல உங்களுக்கு ஒரு நிமிடம் போதும். சொல்லவில்லை.

வீட்டிலும் இதே கதைதான். என் வீட்டுக்காரர் அழகரத்தினம் சொல்கிறார்: “ஒரு ஒப்பந்தானே அஜந்தா. வச்சிட்டு வாவன். ஆறு மாசம் ஓடிரும்.” நான் சொன்னேன்: “களவெடுக்கல்ல. களவெடுத்தன் எண்டு எழுத எனக்குக் கை வராது.” அதற்குப் பிறகு அழகரத்தினம் அவர்கள் என்னோடு கதைப்பதில்லை. கதைக்காவிட்டால் போகட்டும். சோறு போட்டால் சாப்பிடுகிறார்.

விசாரணை கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஏப்ரல் 29, சனிக்கிழமை, காலை ஒன்பதரை. தனியாகத்தான் போவேன்.

ஒப்பம் வைக்காத,
அ. அஜந்தா


ஏறாவூர்,
07.04.2023

அக்கா,

நோன்பு பிடித்துக்கொண்டு எழுதுகிறேன். பொய் எழுத முடியாத நேரம் பார்த்துத்தான் உட்கார்ந்தேன்.

ஆங்கிலத்தில் நோன்பை ‘ப்ரேக்’ பண்ணுவார்கள் என்று நீங்கள் கண்டுபிடித்து வந்து சொன்ன நாள் எனக்குக் கோபம் வந்தது. “உடைக்கிறதா? நாங்க திறக்கிறம்” என்றேன். நீங்கள் சிரித்துக்கொண்டு, உங்கள் கொப்பியில் தமிழிலும் எழுதினீர்கள்: நோன்பு திறத்தல். அப்படி என் சொல்லையும் மதித்து எழுதிக்கொண்ட ஒருவருக்கு நான் முழு உண்மையையும் சொல்லவில்லை.

பதினேழில் பதினாறு என்னுடையது. ஒன்று களவு.

பரீட்சை மண்டபத்தில் என் இலக்கம் உங்களுக்கு அடுத்தது. வெள்ளத்தில் ஆற்றோரக் குடிசைக்காரர்தான் முழு அடியையும் தாங்கினார்கள் என்று எழுத வந்தேன். அந்த முழு அடிக்கு ‘ப்ரன்ற்’ என்ற சொல் ஞாபகம் வந்துவிட்டது. அதோடு சேர்ந்து நடக்கிற சொல் வரவில்லை. எடுப்பதற்குச் சொல்கிற ‘ரேக்’ என்று எழுதிப் பார்த்தேன், வெட்டினேன். அந்த நேரம் நீங்கள் தாளை யன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்து வாசித்தீர்கள். உங்கள் எழுத்து உங்களுக்குத் தெரியும்தானே, மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குப் பலகையில் எழுதுவது மாதிரிப் பெரிசு. தாங்குவதற்குச் சொல்கிற ‘பெயார்’ சேர்த்து, ‘பெயார் த ப்ரன்ற்’ என்று கிடந்தது. கண் போனது. போன கண்ணை நான் எடுக்கவில்லை. எழுதினேன்.

கோகுலராஜ் சேர் தாளை விரித்தபோது பதினேழு கோட்டில் என் கண் அந்த ஒரு கோட்டில்தான் நின்றது. “நான் பார்க்கல்ல” என்று சொல்ல வாய் எடுத்தேன். வரவில்லை. ஏனென்றால் பார்த்தேன்தானே. வேலைக்குப் பயந்தேன் என்று எழுதினேனே, அது பாதி. மற்றப் பாதி இதுதான்.

‘நாங்கள்’ என்று அவர் சொன்னார், நான் எழுதினேன். அந்தச் சொல்லுக்கு வந்தபோதும் என் கை நிற்கவில்லை. அதற்கு நான் என்ன சாட்டுச் சொன்னாலும் அது சாட்டுத்தான்.

இனி நீங்கள் என் இலக்கத்தை அடைத்தே வைத்திருந்தாலும் நியாயம்.

ரிப்கா


கல்லடி,
16.04.2023

ரிப்கா,

புதுவருடத்துக்கு வீடு நிறைய ஆட்கள். அதனால் இரண்டு நாள் பிந்தியது. பிந்தியதும் நல்லதுதான். முதல் நாள் எழுதியிருந்தால் இந்தக் கடிதம் வேறுமாதிரி இருந்திருக்கும்.

நீ பார்த்திருக்கக்கூடாது. அதை நான் மெழுகிப் பேசமாட்டேன். நானும் நீயும் பிள்ளைகளின் கொப்பியில் ‘பார்த்து எழுதக்கூடாது’ என்று சிவப்பு மையால் எழுதுகிறவர்கள்.

ஆனால் எனக்கு அதைவிடக் கோபம் எதில் தெரியுமா? பதினாறு உன்னுடையது. மழையில், பஸ்ஸில் நின்றபடி, நிஸ்றாவுக்குக் காய்ச்சல் அடித்த கிழமையில்கூட விடாமல் நீ சேர்த்தது. மயிரிழையில் தப்புவதற்கு ‘நரோ எஸ்கேப்’ நீ கண்டுபிடித்தது. ஒதுங்கி நிற்பதற்கு ‘ரேக் ஷெல்ரர்’ நீ கண்டுபிடித்தது. என் கட்டுரையில் அவை நிற்பது உன்னால். ஒன்று களவென்று அந்தப் பதினாறையும் சேர்த்துக் களவென்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாயே, அதற்குத்தான் உன்னை நான் இரண்டு அறை அறையவேண்டும்.

ஒன்றுக்கு ஒன்றுதான் தண்டனை. பதினேழுக்கு இல்லை. உன் களவை நீ சொல். உன் உழைப்பையும் நீயே சொல். எனக்காக வா என்று கேட்கமாட்டேன். நான் எனக்காகப் பேசிக்கொள்வேன். உன் பதினாறுக்காகப் பேச நீ மட்டும்தான் இருக்கிறாய்.

29ஆம் திகதி, ஒன்பதரை. வந்தால் வா.

அஜந்தா


கல்லடி,
02.05.2023

ரிப்கா,

நீ கதவைத் திறந்துகொண்டு வந்தபோது அந்த அறையில் ஏற்கெனவே ஒரு மணித்தியாலம் போயிருந்தது. அதில் நடந்தது உனக்குத் தெரியவேண்டும்.

மூன்று பேர் இருந்தார்கள். கோகுலராஜ் சேர், தாள் திருத்திய பாலசுந்தரம் சேர், மூன்றாவது வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த கலாஜினி மிஸ். முதல் அரை மணித்தியாலம் அவர் தண்ணீர் குடித்தார், எழுதினார்.

பாலசுந்தரம் சேர் கூடாத மனிதர் இல்லை. அதுதான் கஷ்டம். அன்பாகத்தான் சொன்னார். “ரீச்சர், நான் முப்பது வருசமாத் தாள் திருத்துறன். தமிழ்மொழி மூலம் படிச்சு, நாப்பது வயசில இங்கிலிஷ் தொடங்கினவங்க ‘நரோ எஸ்கேப்’ எண்டு எழுதமாட்டாங்க.”

“பின்ன என்ன எழுதுவாங்க சேர்?”

“‘ஸ்மோல் எஸ்கேப்’ எண்டு எழுதுவாங்க. ‘லிற்றில் எஸ்கேப்’ எண்டு எழுதுவாங்க.”

“அப்ப நான் பிழையா எழுதினா அது என்ட சொந்தம். சரியா எழுதினா களவு. அப்படியா சேர்?”

கோகுலராஜ் சேர் இடையில் புகுந்து, அப்படி இல்லை, பதினேழும் ஒன்றாக இருப்பதுதான் பிரச்சினை என்றார். நான் என் கொப்பிகளை மேசையில் வைத்தேன். நான்கு கொப்பி. ஒவ்வொரு பக்கத்திலும் திகதி, யார் கண்டுபிடித்தது என்று உன் எழுத்திலோ என் எழுத்திலோ பெயர். பதினேழுக்கும் பக்கத்தை மடித்துக் கொண்டு போயிருந்தேன். கலாஜினி மிஸ் கொப்பியைத் தன் பக்கம் இழுத்தார். அதற்குப் பிறகு அவர் நிமிரவே இல்லை, ஒவ்வொரு பக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கொப்பி எழுதலாம். மனசில கிடக்குதோ எண்டுதான் கேள்வி” என்றார் பாலசுந்தரம் சேர்.

“கேளுங்க” என்றேன். “எந்தச் சொல்லையும் கேளுங்க. இப்பவே.”

அவர் ‘டிசிஷன்’ என்றார். ‘மேக்’, ‘ரீச்’, கடினமான முடிவென்றால் ‘ரஃப் டிசிஷன்’ என்றேன். ‘எவிடன்ஸ்’ என்றார். ஆதாரம் திரட்டுவதற்கு ‘கதர்’, உறுதியான ஆதாரத்துக்கு ‘ஹார்ட் எவிடன்ஸ்’ என்றேன். பத்துப் பன்னிரண்டு கேட்டார். இரண்டுக்குத் தெரியாது என்றேன். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. கடைசியாக ‘அப்பொலஜி’ என்றார்.

“மேக் பண்ணலாம், ஓஃபர் பண்ணலாம். ‘ஓ’ பண்ணலாம், ஒருத்தர் மற்றவருக்கு மன்னிப்புக் கேட்கவேண்டிக் கிடக்கு எண்டா அந்தச் சொல். உதாரண வசனம் வேணுமா சேர்?”

கலாஜினி மிஸ்ஸுக்குத் தண்ணீர் புரைக்கேறியது. பாலசுந்தரம் சேர் வேண்டாம் என்றார்.

அப்போதும் கோகுலராஜ் சேர் உன் கடிதத்தைத் தூக்கிக் காட்டினார். “இவ்வளவும் சரி. மற்ற ரீச்சர் ஒப்பம் வச்ச இதுக்கு என்ன சொல்றீங்க?” சோடி முழுவதும் மனப்பாடமாக இருந்தும் அந்த ஒரு தாளுக்கு முன்னால் எனக்குச் சொல் வரவில்லை.

அப்போதுதான் பியோன் எட்டிப் பார்த்து, ஏறாவூரில் இருந்து ஒரு ரீச்சர் வந்திருக்கிறார் என்றார்.

உன்னைப் பார்த்ததும் என்னை வெளியே போகச் சொல்லிவிட்டார்கள். நீ என்ன சொன்னாய்? வெளியே வந்தபோது உன் முகம் சிரிக்கிறதா அழுகிறதா என்று எனக்கு விளங்கவில்லை. ஒன்றும் சொல்லாமல் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாய். எழுது.

அஜந்தா


ஏறாவூர்,
09.05.2023

அக்கா,

அன்றைக்கு வாய் திறந்தால் பஸ் தரிப்பிடத்திலேயே அழுதிருப்பேன். அதனால்தான் ஓடினேன்.

நான் உட்காரவில்லை. கதிரை காட்டினார்கள், நின்றுகொண்டே சொன்னேன். “நான் மார்ச்சில தந்த கடிதத்தில ஒரு சொல் பொய். ‘நாங்கள்’ எண்டு கிடக்கு. ‘நான்’ எண்டு மாத்தவேணும். அஜந்தா ரீச்சர் என்ட தாளைப் பார்க்கல்ல. அவங்க முன்வாங்கு, நான் பின்வாங்கு. அவங்களுக்கு முதுகில கண் இல்ல சேர்.”

கோகுலராஜ் சேருக்கு முகம் கறுத்தது. “ரீச்சர், ஒருக்கா ஒப்பம் வச்சத மறுகா மாத்துறது சின்ன விசயமில்ல. அறிக்கை அலுவலகத்துக்குப் போகும், தெரியுமா?”

“ஓம், தெரியும். அனுப்புங்க. ஆனா சரியா எழுதி அனுப்புங்க. பதினேழும் களவெண்டு எழுதாதீங்க. ஒண்டு பார்த்தன். பதினாறு என்ட.”

எந்த ஒன்று என்று கலாஜினி மிஸ் கேட்டார். காட்டினேன். என் தாளில் வெட்டின இடம் அப்படியே கிடந்தது. அவர் தாளை வெளிச்சத்துக்குப் பிடித்து வெட்டுக்குக் கீழே என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்தார்.

“முதல் என்ன எழுதினீங்க ரீச்சர்?”

“‘ரேக் த ப்ரன்ற்’ எண்டு மிஸ். பிழையெண்டு நினைச்சு வெட்டினன்.”

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். “அதுவும் சரிதான்” என்றார். “ரெண்டும் சொல்றது. நீங்க வெட்டாமலே விட்டிருக்கலாம்.”

அக்கா, நான் சிரித்துவிட்டேன். அந்த அறையில், மூன்று பேருக்கு முன்னால். சிரிப்பு நிற்கவில்லை, அதுக்குள்ளேயே கண்ணீரும் வந்தது. பதினேழும் என்னுடையதாக இருந்திருக்கும். என் கைக்கே நான் நம்பிக்கை வைக்கவில்லை. உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்து எடுத்தது எனக்குத் தேவையே இல்லாத ஒரு சொல்.

பாலசுந்தரம் சேர்தான் ஒரு கிளாஸ் தண்ணீர் நீட்டினார். “அது தெரிஞ்ச பிறகும் பார்த்தது பார்த்ததுதான் ரீச்சர்” என்றார், மெதுவாக. “ஓம் சேர், அதுக்கு உரிய தண்டனையத் தாங்க” என்றேன். புதுக் கடிதம் எழுதச் சொன்னார்கள். கோகுலராஜ் சேர் சொல்லத் தொடங்கினார். “நானே எழுதுறன்” என்றேன். ஆங்கிலத்தில் எழுதினேன், ஒரு பக்கம், யாரும் சொல்லித் தராமல்.

மே தின லீவு முடிந்த செவ்வாய்க்கிழமை காலை, அறிக்கை போவதற்கு முன்னால், நானே எங்கள் அதிபரிடம் போய்ச் சொல்லிவிட்டேன். அவர் ஸாஜித் சேர், உங்களுக்குத் தெரியும், நல்லவர், ஆனால் பயந்தவர். “ஏன் ரீச்சர் தானா வந்து சொல்றீங்க?” என்று கேட்டார். “மற்ற ஆக்கள் சொல்லிக் கேட்டா வேறமாதிரிக் கேட்கும் சேர்” என்றேன். நிஸ்றாவிடமும் சொன்னேன். அவள், “உம்மா, நீங்க மறுபடி எழுதுவீங்களா?” என்று மட்டும் கேட்டாள்.

எழுதுவேன்.

ரிப்கா


கல்லடி,
14.06.2023

ரிப்கா,

உனக்கும் முடிவு வந்திருக்கும். உன் தாள் இரத்து, செப்டெம்பரில் மறுபடி எழுதலாம் என்று பியோன் சொன்னார். அலுவலகத்துக்கு அறிக்கை போகவில்லையாம், நீயே அதிபரிடம் சொல்லிவிட்டதால் தேவையில்லை என்று கலாஜினி மிஸ் பிடிவாதமாக நின்றாராம்.

என் கடிதம் மே மாதக் கடைசியிலேயே வந்தது. சொல்லாமல் இருந்ததற்குக் காரணம் இருக்கிறது. அதில் ‘சந்தேகத்தின் பலனை அளித்து’ என் பெறுபேற்றை வெளியிடுவதாக எழுதியிருந்தார்கள். இவர் வாசித்துவிட்டு, “அப்பாடா, முடிஞ்சுது” என்று இரண்டு மாதத்துக்குப் பிறகு என்னோடு கதைத்தார். நான் கடிதத்தை மடித்து, அதே உறையில் போட்டு, நேரே கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்தேன்.

“என்ன ரீச்சர், பாஸ்தானே?” என்றார் கோகுலராஜ் சேர்.

“சந்தேகம் உங்கட. அதின்ட பலன் எனக்கு வேணாம். நான் செய்யல்ல எண்டு எழுதித் தாங்க.”

“பெறுபேறு ஒண்டுதானே ரீச்சர்.”

“சொல்லு வேற சேர். இந்த ரெண்டு வருசமும் நீங்க எனக்குப் படிப்பிச்சது அதைத்தான்.”

இவர் அன்று முழுக்கத் தலையில் கை வைத்துக்கொண்டு இருந்தார், கையில் கிடைத்த பெறுபேற்றை யாராவது திருப்பிக் கொடுப்பார்களா என்று. நேற்று இரண்டாவது கடிதம் வந்தது. ‘குற்றச்சாட்டுக்கு ஆதாரம் இல்லை’ என்று. கீழே பாலசுந்தரம் சேரின் ஒப்பம். அதற்குக் கீழே, அச்சில் இல்லாமல் பேனையால், ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி: ஐ ஓ யூ அன் அப்பொலஜி. இதை எதிர்பார்க்கவில்லை. வாசித்துவிட்டுக் குசினிக்குள் போய் நின்றுகொண்டேன்.

உன் இலக்கத்தைத் திறந்துவிட்டேன். என்றாலும் ஒரு விசயம் சொல்ல மிச்சம் இருக்கிறது, அதை எழுத்தில்தான் சொல்வேன். நீ பார்த்ததை நான் மறக்கமாட்டேன். நீ வந்து நின்றதையும் மறக்கமாட்டேன். இரண்டும் உன்னோடுதான் இருக்கும். எனக்கு அப்படியே போதும்.

அஜந்தா


ஏறாவூர்,
03.09.2023

அக்கா,

நேற்று நீங்கள் நிறுவன வாசலில் மூன்று மணித்தியாலம் வெயிலில் நின்றீர்கள். பஸ்ஸில் எல்லாம் கதைத்தாயிற்று. ஆனாலும் எழுத்தில் இருக்கட்டும்.

எனக்கு மட்டும் தனி அறை. மேசையைச் சுவரைப் பார்த்துப் போட்டிருந்தார்கள். முன்னால் ஒரு மேற்பார்வையாளர், பின்னால் ஒருவர். ஒரு பெண்ணுக்கு இரண்டு காவல். பாதியில் ஒருவர் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் பேனையை வைத்துவிட்டு, “சேர், வெளிச்சத்த மறைக்கிறீங்க” என்றேன். தள்ளிப் போனார். ஒரு சொல்லுக்கு நான்கு நிமிடம் நின்றேன். வரவில்லை. அந்த வசனத்தையே வேறுமாதிரி எழுதிவிட்டுப் போனேன்.

பெறுபேறு வர இரண்டு மாதம் ஆகும். அதுவரை சும்மா இருக்கச் சொல்லி எல்லோரும் சொல்கிறார்கள். நான் இருக்கவில்லை. உங்களிடம் கேட்காமல் ஒரு வேலை செய்துவிட்டேன், ஏசுங்கள். எங்கள் பாடசாலை அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன்: ‘ஆசிரியர்களுக்கு ஆங்கிலச் சோடிச் சொல் வகுப்பு. சனிக்கிழமை தோறும். இலவசம். நடத்துபவர்கள்: அஜந்தா, ரிப்கா.’ ஸாஜித் சேர் பதறிப்போய் வந்தார். “ரீச்சர், நீங்க இன்னும் பாஸ் பண்ணல்லியே. ஆக்கள் கதைக்க மாட்டாங்களா?”

“கதைக்கட்டும் சேர். கதைக்கிற ஆக்களையும் வரச் சொல்லுங்க, இங்கிலிஷில கதைக்கப் பழக்கிறம்.”

ஏழு பேர் பெயர் தந்திருக்கிறார்கள். முதல் ஆள் ஸஹீதா ரீச்சர். ஐம்பத்திரண்டு வயது. என்னைப் பற்றி ஊரெல்லாம் கதைத்தவ அவதான். பெயரை எழுதிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் கேட்டா: “எனக்கு மண்டையில ஏறுமா புள்ள?”

“ஏறும்” என்றேன்.

பாஸோ பெயிலோ, அது வரும்போது வரட்டும். வகுப்பு வருகிற சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு. எட்டுப் பத்து பஸ்ஸை விட்டுவிடாதீர்கள்.

ரிப்கா